ஒரே ஒரு ஸ்டேஷன்

டெல்லியில் மயூர் விஹார் முதல் ஃபேஸ் மெட்ரோ ஸ்டேஷன், ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழு வயதுப் பையனோடு அம்மாவும் அப்பாவும் மிருகக்காட்சிசாலைக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீலத் தடத்தில் நான்காவதாக வரும் சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ. பெரியவர்களுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பையனுக்கு ஆட்டிசம். செக்கிங்கில் முன்பின் தெரியாத ஒரு கை அவன் உடம்பைத் தடவுகிறது. கைக்கருவி எப்போது 'பீப்' என்னும் என்று தெரியாது. அவனுடைய பை இயந்திரத்துக்குள் போய் மறைகிறது; திரும்ப வருமா? டிக்கெட் கேட் பட்டென்று திறந்து பட்டென்று மூடுகிறது. மேலே ஏறி வந்ததும் ஒலிபெருக்கி, கூடவே எதிர்த் தடத்து ரயில். காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறுகிறான். "ஜித்தி ஹை" என்கிறார் பக்கத்தில் ஒருவர். பிடிவாதக்காரனாம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவும் அதையேதான் சொல்கிறார்: "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க."

அந்தப் பையன் பயந்துபோயிருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. அடத்துக்குத் தண்டனை பலிக்கும் என்று நம்புகிறவர்கள்கூட, பயந்த பிள்ளையை அடிக்க மாட்டார்கள் அல்லவா?

பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்தப் பயம் இருக்கிறது. எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்க வேண்டும் என்று அவர்கள் பதற்றத்தோடு விரும்பியதை அவர் குறித்துவைத்தார். ஆனாலும் ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும் பதற்றத்தைத் தனியாக அளந்து பார்க்க வெகு காலமாயிற்று. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் 31 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பதற்றக் கோளாறும் இருந்தது தெரியவந்தது. பத்தில் நான்கு பேர்!

பழக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். நமக்குச் சரியாகிறது. குக்கர் விசில் மூன்றாவது முறை அடிக்கும்போது நம் மூளை அதைக் கண்டுகொள்வதே இல்லை. கலிஃபோர்னியாவில் ஷூலமைட் கிரீனும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், உறுத்தும் கம்பளித் துணியைத் தோலில் தேய்த்து, போக்குவரத்து இரைச்சலையும் கேட்கவைத்து, பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். புலன் கூச்சம் அதிகமுள்ள ஆட்டிசப் பிள்ளைகளுக்கு, அபாய மணி அடிக்கும் அமிக்டலாவும் புலன்களுக்கான பகுதிகளும் அடங்குவதாக இல்லை. பத்தாவது ஹாரனும் முதல் ஹாரனைப் போலவே விழுகிறது. டெல்லி ரோட்டில் ஹாரனுக்கா பஞ்சம்?

டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்து இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராயும் பவன் சின்ஹா, 2014இல் தன் குழுவினரோடு ஒரு கருதுகோளை முன்வைத்தார். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும் மூளையின் வேலை ஆட்டிசத்தில் தடுமாறுகிறது என்பது அதன் சாரம். இன்னும் விவாதத்தில் இருக்கும் யோசனைதான். ஆனால் பெற்றோர்கள் அன்றாடம் பார்ப்பதோடு அது நன்றாகப் பொருந்துகிறது. அடுத்தது என்ன என்று தெரியாத உலகத்தில் ஒவ்வொரு நொடியும் திடுக்கிடல்தானே. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதும், அதே சட்டையைக் கேட்பதும் அவன் தனக்காகக் கட்டிக்கொண்ட சிறு கரை.

ஆகவே மிருகக்காட்சிசாலையை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஒரு வார நாளில், கூட்டமில்லாத நேரத்தில் ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பினால் போதும். அடுத்த முறை செக்கிங்வரை. அதற்கும் அடுத்த முறை அக்ஷர்தாம்வரை ஒரே ஒரு ஸ்டேஷன். இறங்கி, எதிர்த் தடத்தில் ஏறி, வீடு. செக்கிங், கேட், படி, ரயில் என ஒவ்வொன்றையும் நம் செல்போனிலேயே படம் எடுத்து வரிசையாகக் காட்டிவிட வேண்டும். வாங்கிய அட்டையில் இருக்கும் ஏதோ ஒரு ரயிலைவிட அவன் ஏறப்போகும் ரயிலின் படம் நல்லது. "முதல்ல செக்கிங், அப்புறம் ரயில்" என்ற அளவுக்குத்தான் பேச்சு. காதை மூடும் ஹெட்ஃபோன் கையில் இருக்கட்டும். நாள் முழுக்க மாட்டிவிட்டால் காது இன்னும் கூசத் தொடங்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பாசமுள்ள பெற்றோர்தான் அதில் விழுவார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே உறுதியாக்கிவிட்டால் பிள்ளை அமைதியாக இருக்கும். ரயில் பத்து நிமிடம் தாமதமானால்? பயப்படும் இடங்களையெல்லாம் தவிர்த்துக்கொண்டே போனாலும் உலகம் கடைசியில் ஓர் அறையாகச் சுருங்கிவிடும். இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தினர், நிச்சயமின்மையைத் தாங்க முடியாமைதான் இந்தப் பதற்றத்தின் வேர்களில் ஒன்று என்று கண்டு, பெற்றோர்களுக்காக ஒரு பயிற்சியை வடிவமைத்தார்கள். நிச்சயமின்மையைப் பிள்ளை தாங்கும் அளவுக்குச் சிறு சிறு துண்டாகக் கொடுத்துப் பழக்குவது அதன் நோக்கம். அதை நம் வீட்டுக்கு ஏற்ப இப்படிச் செய்து பார்க்கலாம்: வரிசையில் எல்லாப் படமும் பழகிய பிறகு, நடுவில் கேள்விக்குறி போட்ட ஓர் அட்டை. அந்த இடத்தில் என்ன வரும் என்று சொல்ல மாட்டோம். ஒருநாள் பிஸ்கட், ஒருநாள் ஜூஸ். இரண்டும் அவனுக்குப் பிடித்தவை. தெரியாததும் சில சமயம் நல்லதாக இருக்கும் என்று அந்த அட்டை சொல்லிக்கொடுக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒருநாள் அவன் பிளாட்பாரத்தில் உட்காரத்தான் போகிறான். அப்போது கேள்வி கேட்காதீர்கள். "என்னடா ஆச்சு, சொல்லேன்" என்பதும் அவனுக்கு இன்னொரு சத்தம். கூட்டம் குறைந்த ஓரத்துக்கு மெதுவாக அழைத்துப்போய், பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். வேடிக்கை பார்ப்பவர்களுக்குச் செய்யக்கூடிய பேருதவி, பார்க்காமல் நகர்ந்து போவது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சட்டத்தைக் கொண்டு சாய்தளம் கட்டிவிடலாம், வரிசையில் நிற்பவரின் பொறுமையைச் சட்டம் எப்படிக் கட்டும்?

புறப்படும்போது அவன் மனசில் இருக்கும் முதல் கேள்வி எங்கே போகிறோம் என்பதாக இருக்காது, எப்போது முடியும் என்பதாகவே இருக்கும். அதனால் எந்தப் பயணமானாலும் வரிசையின் கடைசிப் படம் மாறக் கூடாது: நம் வீட்டுக் கதவு, அதன் பக்கத்தில் அவனுடைய செருப்பு.