அடுத்த அறைத் தோழிகள்

சித்திரக்கதை என்றாலே வீரதீரம்தான் என்ற எண்ணம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் அலிசன் எழுதிய ‘ஜயன்ட் டேய்ஸ்’ தொடரில் அப்படி எதுவும் இல்லை. ஷெபீல்ட் பல்கலைக்கழக விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் தங்கிய மூன்று மாணவிகளின் அன்றாடமே கதை. சூசன் மருத்துவம் படிக்கிறாள், எஸ்தர் ஆங்கில இலக்கியம், டெய்சி தொல்லியல். 2015 முதல் 2019 வரை 54 இதழ்கள் வெளிவந்தன. 2019இல் சிறந்த தொடருக்கான ஐஸ்னர் விருதும் கிடைத்தது.

முதலாம் வருடத்திலேயே படிப்பை விட்டுவிடலாமா என்று எஸ்தர் யோசிக்கிறாள். பாடசாலையில் கெட்டிக்காரி எனப் பெயரெடுத்தவர்களுக்கும், எல்லோருமே கெட்டிக்காரராக இருக்கும் இடத்துக்கு வந்ததும் இந்தச் சந்தேகம் வரும். கதை அதற்குப் புத்திமதி சொல்வதில்லை. பகிடியும் கோபமும் சமாதானமுமாகத் தோழிகள் கூடவே இருக்கிறார்கள்.

முகாம்களில் இருந்து படித்துப் பல்கலைக்கழகம் போன எங்கள் பிள்ளைகள் சிலரிடமும் “நான் இதற்குத் தகுதியானவளா?” என்ற கேள்வியைக் கேட்டிருக்கிறேன். வீட்டின் முழு நம்பிக்கையையும் சுமப்பவள் அதை வீட்டில் சொல்லமாட்டாள். அடுத்த அறையில் இருப்பவளிடம்தான் சொல்வாள். விரிவுரைக்கு வராத தோழியின் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.