மின்மினி காட்டிக் கொடுக்கும் புற்றுநோய்!

தஞ்சை வயல்வெளி. மழை விட்ட இரவு. வாய்க்கால் ஓரத்துப் புங்க மரத்தில் மின்மினிகள் மினுக்குகின்றன. பையன்கள் அவற்றைப் பிடித்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். விளையாட்டு!

இதே விளையாட்டுக்கு அமெரிக்காவில் ஒருவர் காசு கொடுத்தார். பால்டிமோர் நகரப் பேராசிரியர் வில்லியம் மெக்கெல்ராய். 100 மின்மினிக்கு 25 சென்ட். சும்மா இருப்பார்களா சிறுவர்கள்? ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

மின்மினியின் உடலில் லூசிபெரின், லூசிபெரேஸ் என்ற இரண்டு பொருள்கள் உண்டு. அவற்றுடன் பிராணவாயு சேர வேண்டும். உயிரணுவின் எரிபொருளான 'ஏ.டி.பி.'யும் வேண்டும் என்று 1947-ல் மெக்கெல்ராய் கண்டார். செத்த உயிரணுவில் அந்த எரிபொருள் இராது. ஆகவே ஒளியும் இராது. விஷயமே இதில்தான் இருக்கிறது.

எலிக்குள் விளக்கு

லூசிபெரேசை உண்டாக்கும் ஜீனை 1985-ல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். அதைப் புற்றுநோய் உயிரணுவில் புகுத்திச் சுண்டெலியின் உடலில் விடுகிறார்கள். பிறகு லூசிபெரின் ஊசி. மயக்க மருந்து கொடுத்து, எலியை இருட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத மங்கல் ஒளியைக் காமிரா பிடித்துவிடுகிறது!

கட்டி வளர்ந்தால் ஒளி கூடும். மருந்து வேலை செய்தால் குறையும். முன்பெல்லாம் உள்ளே இருக்கும் கட்டியை அளக்க, சில நாட்களுக்கு ஒருமுறை சில எலிகளைக் கொன்று அறுத்துப் பார்ப்பார்கள். இப்போது ஒரே எலியை வாராவாரம் பார்க்கலாம். எலிக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். சாகும் எலிகளின் எண்ணிக்கை குறைகிறது, அவ்வளவுதான்.

சென்னை அடையாறு ஆஸ்பத்திரிக்கு ரயிலேறும் தஞ்சை நோயாளியை இப்படிப் பார்க்க முடியுமா? முடியாது. அவர் உடலில் மின்மினி ஜீன் இல்லை. இருந்தாலும், அந்த ஒளி சில சென்டிமீட்டர் சதையைத் தாண்டி வராது. எலியிடம் தேறிய மருந்துதான், மேலும் பல சோதனைகளுக்குப் பிறகு அவரிடம் வரும்.

தந்தையும் மகனும்

உயிருள்ள உடலுக்குள் உயிரணுக்களைப் படம் பிடிக்கும் கலையில் பேர் பெற்றவர் சஞ்சீவ் சாம் கம்பீர். 1962-ல் அம்பாலாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் தவம்.

2015-ல் அவருடைய ஒரே மகன் மூளைக் கட்டியால் இறந்தான். வயது 16.

தந்தை மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 2020 ஜூலையில் அவரும் புற்றுநோயால் மறைந்தார். வயது 57.