தோளில் தொங்கினாலும் பை பைதான்

முறைகேடாகச் சோதனை நடந்தது என்பதற்காக மட்டும், அதில் சிக்கிய பொருளை நம் நீதிமன்றங்கள் தள்ளிவிடுவதில்லை. வருமான வரித் துறை தொடர்பான பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த விதியைப் போன வாரம் பார்த்தோம். அந்த விதி எட்டாத ஓரிடம் உண்டு. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 50-வது பிரிவு.

ஒருவரின் உடம்பைச் சோதிக்கப் போகிறார் ஆய்வாளர். அந்த நபர் கேட்டால், பக்கத்திலுள்ள மாஜிஸ்திரேட்டிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ அழைத்துப் போய் அவர் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நடுராத்திரி பஸ் ஸ்டாண்டில் போலீஸ் சூழ நிற்பவனுக்கு இப்படியொரு உரிமை இருப்பது எப்படித் தெரியும்? தெரியாது. ஆகவே போலீஸே அதை அவனிடம் சொல்லியாக வேண்டும் என்று 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சொல்லாமல் சோதித்து எடுத்த பொருளை மட்டும் வைத்துத் தண்டித்தால் அந்தத் தண்டனை நிற்காது. 2010-ல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னோர் ஐவர் அமர்வு, ‘ஏறக்குறைய பின்பற்றிவிட்டோம்’ என்ற சாக்கையும் அடைத்தது.

இவ்வளவு கறாருக்குக் காரணம் இருக்கிறது. வணிக அளவில் பொருள் பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொருள் கைவசம் இருந்தது என்று போலீஸ் காட்டிவிட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்று நிரூபிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் தலையில். இப்படிப்பட்ட சட்டத்தில், போலீஸே பொருளை வைத்துவிட்டுப் பிடித்ததாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை நியாயமானதுதான்.

சிக்கல், பையில் தொடங்கியது. 2005-ல் ஹிமாச்சலப் பிரதேச அரசுக்கும் பவன் குமாருக்கும் இடையிலான வழக்கு மூன்று நீதிபதிகள் முன் வந்தது. அபின் இருந்தது அவர் கொண்டுவந்த பைக்குள். பையைத் திறப்பதும் உடம்பைச் சோதிப்பதும் ஒன்றா? இல்லை என்றது நீதிமன்றம். உடுத்திய துணியும் போட்ட செருப்பும் உடம்போடு சேர்ந்தவை. பை அப்படியல்ல; கையில் பிடிக்கலாம், தோளில் மாட்டலாம், தலையில் சுமக்கலாம், கீழே வைத்துவிட்டும் போகலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதும் நீதிபதிகளுக்குத் துணை நின்றது. அது உடம்பைப் பற்றிய பேச்சு. சூட்கேஸுக்கு ஆணென்ன, பெண்ணென்ன? 2023-ல் ரஞ்சன் குமார் சட்டா வழக்கிலும் தோள்பைக்கு இதே கதிதான்.

சட்டத்தின் வாசகத்தைப் படித்தால் இதில் குறை சொல்ல முடியவில்லை. நோக்கத்தைப் பார்த்தால்தான் இடிக்கிறது. வெளியாள் ஒருவர் ஒரு பொட்டலத்தைத் திணிக்க எது வசதி, போட்டிருக்கும் சட்டையா, பெஞ்சுக்கடியில் கிடக்கும் பையா? திணிப்புக்கு அஞ்சிக் கட்டிய வேலி, திணிக்க வசதியான இடத்தை வெளியே விட்டுவிட்டது.

பையையும் திறந்து, கூடவே சட்டைப் பையையும் தடவிப் பார்த்தால்? 2014-ல் ராஜஸ்தானின் பர்மானந்த் வழக்கு இதற்குப் பதில் சொன்னது. பிடிபட்டவர்கள் இருவர். பையோடு உடம்பையும் சோதித்ததால் 50-வது பிரிவு பொருந்தும் என்றது நீதிமன்றம். பிறகு அதிகாரிகள் செய்த வேலை ஒவ்வொன்றாக வெளிவந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே தாளில் உரிமையைச் சொன்னார்கள். ஒருவரே இருவருக்குமாகக் கையெழுத்துப் போட்டார். சட்டத்தில் இல்லாத மூன்றாவது வழியையும் காட்டினார்கள்: பிடிக்க வந்த குழுவிலேயே இருந்த கண்காணிப்பாளர் முன்னிலையில் சோதனை. விடுதலை உறுதியானது.

வண்டி என்றால் கதை வேறு. பஞ்சாபில் மறிக்கப்பட்ட ஒரு வண்டியில் மூட்டை மூட்டையாகக் கசகசாக் காய்ச் சக்கை. வந்தவர்களின் உடம்பையும் சோதித்தார்கள், உரிமையைச் சொல்லாமல். உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. உடம்பில் நடந்த தவறு உடம்போடு போயிற்று; வண்டியில் எடுத்த மூட்டைகளை அது தொடாது. பர்மானந்த் வழக்கையும் இதையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்குத் தலை சுற்றினால் அது அவர் குற்றமல்ல. என் கணிப்பு ஒன்று: இத்தனைக்கும் பிறகு ஒரு கெட்டிக்கார ஆய்வாளர் மகஜரில் ‘பையை மட்டுமே சோதித்தோம்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

இதன் பலனை நம்மூர் வழக்குகளில் பாருங்கள். கஞ்சாவில் வணிக அளவு என்பது 20 கிலோ. அதை யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு ரயிலேற முடியாது. டிராலி பையிலோ சாக்கிலோதான் வரும். 250 கிராமிலேயே வணிக அளவை எட்டிவிடும் ஹெராயினை உடம்பில் மறைக்கலாம். ஆக, பல்தேவ் சிங்கும் ஜடேஜாவும் வாங்கித் தந்த பாதுகாப்பு ஹெராயின்காரனுக்கு உதவக்கூடும். பெரிய கஞ்சா வழக்கில் சிக்கியவருக்கு, அவர் நிரபராதியாகவே இருந்தாலும், அநேகமாக எட்டாது.

அவருடைய வக்கீல் அதனால் 50-ஐ விட்டுவிட்டு வேறு பக்கம் புரட்டுகிறார். பிடித்த சரக்கில் மாதிரி எடுத்தது யார், எங்கே, மாஜிஸ்திரேட் கண்முன்னாலா? 52-ஏ பிரிவு கேட்கும் கேள்வி இது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)