ஆய்வுக் கட்டுரை எழுதுதல்: பிழைகளும் திருத்தங்களும்

நுழையும்முன்

செய்திகளை அறிந்திருத்தல் வேறு. அவற்றைக் கொண்டு ஒரு கருத்தை நிறுவுதல் வேறு. மேல்நிலை வகுப்பு மாணவர் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலான பிழைகள் இவ்விரண்டிற்கும் இடையிலேயே தோன்றுகின்றன. அப்பிழைகளையும் அவற்றைக் களையும் முறையையும் ஓர் எடுத்துக்காட்டின்வழி இப்பாடம் விளக்குகிறது.

தலைப்பும் கருத்தும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் பயிலும் மாணவர் ஒருவர், தம் வட்டாரத்திலுள்ள மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி எழுதுவதாகக் கொள்வோம். பறளியாற்றுப் பள்ளத்தின் குறுக்கே, ஒரு குன்றிலிருந்து மறு குன்றிற்குக் கால்வாய் நீரைக் கொண்டு செல்லும் பாலம் அது. 28 தூண்கள் அதனைத் தாங்குகின்றன. மாணவரோ பாலத்தின் தோற்றம், திற்பரப்பு அருவி, சுற்றுலாப் பயணியர் கூட்டம், ரப்பர்த் தோட்டங்கள் என அறிந்த அனைத்தையும் எழுதிவிடுகிறார். 'இக்கட்டுரை எதனை நிறுவுகிறது?' என்று வினவினால் விடை கிடைப்பதில்லை.

தலைப்பு, எழுதும் களத்தைக் காட்டுகிறது. கருத்து, அக்களத்தில் எழுதுபவர் நிறுவ முனைவதைக் காட்டுகிறது. 'மாத்தூர் தொட்டிப்பாலம்' என்பது தலைப்பு. 'நீரைப் பள்ளத்தில் இறக்காமல் கடத்தியதே கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பாசனத்திற்கு உதவியது' என்பது கருத்து. கருத்து உறுதியானால் எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்பது தெளிவாகும். அருவியும் சுற்றுலாவும் தாமே விலகும்.

சான்றும் சரிபார்ப்பும்

'காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1966ஆம் ஆண்டில் இப்பாலம் கட்டப்பட்டது' என்னும் தொடர் பல இடங்களில் காணப்படுகிறது. மாணவரும் அதனை அவ்வாறே எடுத்தெழுதுகிறார். காமராசர் முதலமைச்சராக இருந்தது 1954 முதல் 1963 வரை. 1966இல் அப்பொறுப்பை வகித்தவர் பக்தவத்சலம். எனவே, அத்தொடர் உள்ளவாறே உண்மையாக இருத்தல் இயலாது. பணி தொடங்கிய ஆண்டையும் நிறைவுற்ற ஆண்டையும் பொதுப்பணித் துறை ஆவணம் போன்ற முதன்மைச் சான்றில் கண்டு, தனித்தனியே குறிப்பிடுவதே முறை.

பாலத்தின் உயரத்தை 103 அடி என்பர் சிலர். 115 அடி என்பர் வேறு சிலர். எண்ணைத் தருபவர், அதனை எங்கிருந்து எடுத்தார் என்பதையும் சுட்டுதல் வேண்டும். 'ஆசியாவிலேயே பெரியது' என எழுதினால், நீளத்திலா உயரத்திலா, எவற்றோடு ஒப்பிட்டு என்னும் வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். இயலாதெனில் அத்தொடரை நீக்குதல் நன்று. இன்று ஒருவர் சரிபாராமல் எழுதியதை நாளை மற்றொருவர் சான்றாகக் கொள்வார். ஊர்களின் வரலாறு இவ்வாறே பிழைபடுகிறது.

தெரிந்து தெளிவோம்

திருஞானசம்பந்தர் கி.பி. 13ஆம் நூற்றாண்டினர் எனக் கால்டுவெல் கருதினார். 'மனோன்மணீயம்' இயற்றிய பெ. சுந்தரனார் அதனை மறுத்து, சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவர் அல்லர் என வாதிட்டார். அவ்வாய்வு 1895இல் நூலாக வெளிவந்தது. கருதியவர் பெரும்புலவர் என்பதற்காக அக்கருத்தை அவர் ஏற்கவுமில்லை. சான்று காட்டாமல் மறுக்கவுமில்லை.

பத்தியும் மொழிநடையும்

ஒரு பத்தியில் ஒரு கருத்தே இடம்பெறுதல் வேண்டும். பத்தியின் முதல் தொடர் அக்கருத்தைக் கூற, பின்வரும் தொடர்கள் அதனை விளக்கும். பிறர் எழுதிய தொடரை எடுத்தாளும்போது மேற்கோள் குறியிட்டு, அவர் பெயரையும் நூலையும் குறிப்பிடுதல் கடமை. சொற்களைச் சிறிது மாற்றினாலும் கருத்து பிறருடையதே.

ஒருமை பன்மை மயக்கமும் சந்திப்பிழையும் மிகுதியாகக் காணப்படுகின்றன. 'தூண்கள் உள்ளது' என்பது பிழை. 'தூண்கள் உள்ளன' என்பதே சரி. 'கால்வாய் பாசனம்' என்னாது 'கால்வாய்ப் பாசனம்' என எழுதுக. 'இப்பாலத்தின் சிறப்பு என்னவென்றால், அது நீரைக் கொண்டு செல்கிறது' என்பதினும் 'நீரைக் கொண்டு செல்வது இப்பாலத்தின் சிறப்பு' என்பது செறிவுடையது.

முடிவுரை

'நீரைச் சேமிப்போம், நாட்டைக் காப்போம்' என அறிவுரை கூறி முடிப்பது பலர் வழக்கம். இத்தகைய தொடர் எக்கட்டுரைக்கும் பொருந்தும். ஆகவே, எதற்கும் உரியதன்று. கட்டுரையில் நிறுவப்பட்டது யாது, மேலும் ஆராய வேண்டியது யாது என்பவற்றைச் சுருங்கக் கூறுவதே முடிவுரையின் பணி. எழுதிய மறுநாள் கட்டுரையை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய பிழை செவிக்குப் புலப்படும்.

கற்பவை கற்றபின்

1. 'குலசேகரம் வட்டாரத்தில் ரப்பர்ப் பால்வெட்டும் தொழில்' என்னும் தலைப்பிற்குரிய கருத்து ஒன்றை ஒரே தொடரில் எழுதுக. அதனை நிறுவத் தேவையான மூன்று சான்றுகளையும் அவை கிடைக்கும் இடங்களையும் பட்டியலிடுக.

2. உம் ஊரைப் பற்றிப் பலரும் கூறும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதன் ஆண்டு, அளவு, பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்து வகுப்பறையில் கலந்துரையாடுக.