சாப்பிடுவதுபோல் பாவனை செய்யும் கழுதைகள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பிரிட்டன் செல்லும் நம் இளையர்கள் பலர், டிசம்பர் விடுமுறை வந்ததும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். கையிருப்பு அதற்கு இடம் கொடுக்காததால், யார்க்‌ஷியரில் ஒரு சிறிய விலங்குக் காப்பகத்தில் சனிக்கிழமைதோறும் தொண்டூழியம் செய்யச் சேர்ந்தேன்.

கோடைக்காலத்தில் அங்கு தொண்டூழியர்களுக்குப் பஞ்சமே இல்லையாம். குளிர்காலத்தில் வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலையோ குளிர்காலத்தில்தான் அதிகம். கோடையில் விலங்குகள் வெளியே நின்று மேய்ந்துகொள்ளும். குளிர் வந்துவிட்டால் தீவனம், தண்ணீர், படுக்க வைக்கோல் என எல்லாவற்றையும் கொட்டிலுக்கு நாம்தான் சுமந்து செல்ல வேண்டும். விட்டையை அள்ளுவதும் நாம்தான். டிசம்பரில் காலை 8 மணிக்குப் பிறகே விடிகிறது; மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. அதற்குள் அத்தனையும் முடிய வேண்டும்.

முதல் வேலை, தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியை உடைப்பது. குழாயே உறைந்துபோன நாள்களில் சமையலறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தோம். வயதான கழுதைகளுக்கு வெதுவெதுப்பான நீர் வைக்க வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் அவை குறைவாகக் குடிக்கும். குடிப்பது குறைந்தால், தின்ற வைக்கோல் குடலில் அடைத்துக்கொள்ளும்.

எல்லா விலங்கும் குளிருக்கு ஒரேபோல் அஞ்சுவதில்லை. செம்மறி ஆட்டின் முதுகில் விழும் பனி உருகாமல் அப்படியே கிடக்கும். உடற்சூடு கம்பளியைத் தாண்டி வெளியே வரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். கோழிகளுக்குக் குளிரைவிட ஈரமே பெரிய எதிரி. குளிருமே என்று கூண்டை இறுக மூடினால், எச்சத்திலிருந்து எழும் அமோனியா அவற்றின் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

கழுதையின் கதை வேறு. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் மனிதர் பழக்கிய விலங்கு அது. வறண்ட நிலத்துக்கு ஏற்ற உடல். குளிர்காலம் வந்தால் குதிரைக்கு ரோமம் அடர்ந்து வளரும். கழுதைக்கு அந்த அளவு வளர்வதில்லை என்று பிரிட்டனில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது. மழை அதன் ரோமத்தை எளிதில் நனைத்துவிடும். சேற்றில் நின்றால் குளம்பு ஊறிச் சீழ்பிடிக்கும். அப்படியிருந்தும் பிரிட்டனில் கழுதைகள் ஏராளம். பாரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டவை, பின்னர் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்தன. (பிளாக்பூல் கடற்கரைக் கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை உண்டு!) கைவிடப்பட்ட கழுதைகளுக்காக எலிசபெத் ஸ்வெண்ட்சன் 1969ல் தொடங்கிய ‘டாங்கி சேங்சுவரி’ இன்று உலகறிந்த அமைப்பு. அதன் தலைமையகம் தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் உள்ளது.

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?” என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கழுதைக்குத் தெரிந்த சில விஷயங்களை நானும் அந்தக் கொட்டிலில்தான் பார்த்தேன்.

அங்கே முப்பது வயதைத் தொட்ட இரண்டு கழுதைகள் இருந்தன. சேர்ந்தே வந்தவை, சேர்ந்தே நிற்பவை. கழுதைகள் இப்படி ஜோடியாக ஒட்டிக்கொள்வதால், புதிய இடத்துக்கு அனுப்பும்போதும் காப்பகங்கள் அவற்றைப் பிரிப்பதில்லை. டிசம்பர் மத்தியில் அவற்றுள் ஒன்று இறந்துவிட்டது. உடலை உடனே அப்புறப்படுத்தவில்லை. மற்றது அருகில் வந்து முகர்ந்து, நெடுநேரம் நின்று, தானாக விலகிப்போகும்வரை விட்டுவைத்தார்கள். துணை போய்விட்டது என்று அதற்குப் புரிய அந்த நேரம் தேவையாம். உடலைச் சட்டென்று எடுத்துச் சென்றால், எஞ்சிய கழுதை நாள் கணக்கில் கத்தியபடி தேடி அலையக்கூடும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து. துயரத்தில் கழுதை சாப்பிடாமல் இருந்தால், உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கலக்கும். அளவு மீறினால் ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்து, சில நாள்களில் உயிரே போய்விடும். ‘ஹைப்பர்லிப்பீமியா’ என்பது இதன் பெயர். போதாக்குறைக்கு, கழுதை தன் வேதனையை வெளிக்காட்டாது. தீவனத்தில் வாயை வைத்துக்கொண்டு தின்பதுபோலவே நிற்கும். வைக்கோல் மட்டும் குறைந்திருக்காது.

“சாப்பிடுகிறது என்று எழுதாதே. மென்றதா, விழுங்கியதா என்று பார்த்து எழுது,” என்றார் பொறுப்பாளர். அந்த மாதம் எனக்குக் கிடைத்த முக்கிய வேலை அதுதான். ஒரு கவிழ்த்த வாளியின்மீது உட்கார்ந்து, ஒரு கழுதையின் தாடையையும் தொண்டையையும் பார்த்துக்கொண்டிருப்பது. கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். தொலைபேசியைத் தொட முடியாது, தொடவும் தோன்றாது.

இந்த வேலையைப் புதிதாக வருபவரிடம் கொடுப்பதில்லை. அந்தக் கழுதை வழக்கமாக எப்படி நிற்கும், எந்தப் பக்கம் காது சாயும் என்று தெரிந்தவருக்குத்தான் இன்று ஏதோ சரியில்லை என்று கண்ணில் படும். பள்ளி நாள்களில் தொண்டூழிய மணிநேரத்தை நிரப்ப ஓரிடத்துக்கு ஒரு முறை போய், குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவது நம்மில் பலருக்கும் பழக்கம். அப்படிப் போவதால் கொட்டில் சுத்தமாகலாம். நோயுற்ற விலங்குக்கு அதனால் பயனில்லை என்றே நினைக்கிறேன். ஒரே கிழமையில், ஒரே கொட்டிலுக்குத் தவறாமல் வரும் நான்கைந்து பேரை நம்பித்தான் அந்தக் காப்பகத்தின் குளிர்காலம் ஓடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற முதியவர்கள்.

புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை அந்தக் கழுதை பார்லி வைக்கோலைத் தொடவில்லை. நறுக்கிய கேரட்டில் இரண்டு துண்டை மட்டும் மென்றது. விலங்கு மருத்துவர் வந்து இரத்தம் எடுத்துச் சென்றார். கொழுப்பு கூடியிருந்தது, ஆனால் கைமீறிப் போகவில்லை. ஊறவைத்த தீவனத்தைச் சிறிது சிறிதாக, இரவிலும் எழுந்து வந்து ஊட்டினார்கள். பக்கத்துக் கொட்டிலில் இருந்த இரண்டு கழுதைகளை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை நான் போனபோது அது வேலியோரம் நின்றிருந்தது. பதிவேட்டில் எனக்கு முன் வந்தவர் எழுதியிருந்தார்: “வைக்கோல், கால் கட்டு. மென்றது. விழுங்கியது.”