நிழற்படங்களை நிரல்படுத்தலும் காணொளியைப் பேணுதலும்

கணப்பொழுதில் நிகழ்ந்து மறைவதனைக் காலங்கடந்தும் காட்டவல்லது நிழற்படம். எனினும், தனித்து நிற்கும் படம் ஒரு கணத்தை மட்டுமே உரைக்கும். அதற்கு முன் நிகழ்ந்தது யாது, பின் விளைந்தது யாது என்பவற்றை அது கூறுவதில்லை. பல படங்கள் முறைப்பட நிரலாக நிற்கும்போதே அவை வரலாறு ஆகின்றன.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் அண்மைக்கால வரலாறு இவ்வாறு படங்களால் உரைக்கத்தக்கது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. 1950ஆம் ஆண்டிலே கிணறு தோண்டியபொழுது கோணேசர் ஆலயத்துக்குரிய பழைய வெண்கலத் திருவுருவங்கள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சன் என்னும் சுழியோடி சுவாமிமலையின் அடியிலே கடலுள் மூழ்கி ஆலய இடிபாடுகளிடையே சிவலிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார். அவருடைய தோழர் ஆதர் சி. கிளாக் அக்கடலாய்வுகளை விளக்கி எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1963இல் கோணேசர் ஆலயத்துக் குடமுழுக்கு நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி முதலிய கரையோர ஊர்களுட் புகுந்தது. உயிர்களோடும் உடைமைகளோடும் குடும்பங்கள் போற்றிவைத்த படத் தொகுதிகளையும் அது கொண்டுசென்றது.

எஞ்சிய படங்கள் ஆலயங்களிலும் கல்லூரிகளிலும் வீட்டு அலுமாரிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆண்டு நிறைவு விழாக்களிலும், பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும், இறந்தாரின் முப்பத்தோராம் நாள் நினைவிலும் அவற்றை ஒன்றுசேர்த்துக் காணொளியாக்கித் திரையிற் காட்டுதல் இக்காலத்து வழக்கமாகிவிட்டது. முன்னர் அச்சிட்ட நினைவுமலர் செய்த பணியை இன்று காணொளியும் செய்கின்றது. ஆதலின் அதனை ஆக்கும் முறையைக் கற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். அம்முறை இரு கூறுகளையுடையது. படங்களைக் காலக்கோட்டில் வைத்தல் ஒன்று. முடிந்த தொகுப்பினை உரிய வடிவத்தில் வெளியிடுதல் மற்றொன்று.

அசையாப் படங்களைக் கொண்டு அசையும் படம் ஆக்குதல் கணினியோடு தோன்றிய கலையன்று. கனடா நாட்டுத் திரைப்படக் கழகம் 1957இல் வெளியிட்ட 'சிற்றி ஒஃப் கோல்ட்' என்னும் ஆவணப்படம் டோசன் நகரின் பழைய நிழற்படங்களின்மீது படக்கருவியை மெல்ல நகர்த்தி, அந்நகரின் பொன்வேட்டைக் காலத்தை மீண்டும் காட்டியது. அமெரிக்கரான கென் பேர்ண்ஸ் 1990இல் வெளியிட்ட உள்நாட்டுப் போர் பற்றிய தொடரில் இம்முறையை விரிவாகக் கையாண்டார். இன்று படத்தை மெல்ல அண்மித்தும் விலகியும் காட்டும் உத்தி அவர் பெயராலேயே வழங்குகின்றது. அன்று ஒவ்வொரு படத்துக்கும் மனிதர் தனித்தனியே ஆற்றிய வேலையை இன்று தொகுப்பு மென்பொருள் ஒரே கட்டளையிற் செய்து முடிக்கின்றது.

அக்கட்டளை இயங்கும் முறை எளியது. தொகுப்பாளர் படங்களை ஒரு கோப்புறையில் இடுகின்றார். ஒவ்வொரு படமும் எத்தனை வினாடி நிற்றல் வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுங்கால் எத்தனை வினாடி கலத்தல் வேண்டும் என்பவற்றைக் குறிக்கின்றார். அடோபி பிறீமியர் போன்ற மென்பொருள்கள் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே அடுக்கும். இசையின் தாளத்துக்கேற்ப முன்கூட்டியே இட்ட அடையாளங்களிற் படங்களைப் பொருத்துதலும் அவற்றால் இயலும். விலையின்றிக் கிடைக்கும் கேடென்லைவ் என்னும் மென்பொருளும் கோப்புறையொன்றிலுள்ள படங்களைத் தொடராக்கித் தரும்.

ஈண்டுச் சிறு கணக்கொன்று நோக்கத்தக்கது. கல்லூரி விழாவொன்றுக்கு 240 படங்கள் திரட்டப்பட்டன எனக் கொள்க. படமொன்றுக்கு 5 வினாடி எனின் மொத்தம் 1,200 வினாடி, அதாவது 20 நிமிடம் ஆகும். ஆயின் அடுத்தடுத்த படங்கள் ஒரு வினாடி ஒன்றோடொன்று கலக்குமாறு அமைத்தால், 239 இடங்களில் ஒவ்வொரு வினாடி குறையும். எஞ்சுவது 961 வினாடி, அதாவது 16 நிமிடமும் 1 வினாடியுமே. இருபது நிமிட இசையைத் தேர்ந்துகொண்டவர், படம் முடிந்தபின்னும் இசை ஒலித்துக்கொண்டிருப்பது கண்டு திகைப்பதன் காரணம் இதுவே.

கணக்கிலும் இன்றியமையாதது வரிசை. கணினி வரலாறு அறியாது. கோப்பின் பெயரையும் நாளையுமே அறியும். 1, 2, 10 எனப் பெயரிட்ட படங்களைச் சில மென்பொருள்கள் 1, 10, 2 என அடுக்குதல் உண்டு. எழுத்தெழுத்தாக ஒப்பிடும்போது பத்தின் முதலெழுத்தாகிய ஒன்று இரண்டுக்கு முன் நிற்பதே இதற்கு ஏது. 001, 002, 010 எனப் பெயரிட்டால் இக்குறை நீங்கும்.

நாளைக்கொண்டு அடுக்குவதில் இடர் பெரிது. இலக்கமுறைப் படக்கருவி படத்தோடு எடுத்த நாளையும் நேரத்தையும் பதிவு செய்கின்றது. எக்சிஃப் எனப்படும் இப்பதிவுமுறை 1995இல் யப்பானில் வகுக்கப்பட்டது. தாளில் அச்சிட்ட பழைய படமோ அவ்வகைப் பதிவு யாதும் இல்லாதது. அதனை வருடிக் கணினியில் ஏற்றும்பொழுது, வருடிய நாளே அதன் நாளாகிவிடும். 1950இல் வெளிப்பட்ட திருவுருவங்களின் படம், 1956இற் கடலடியிற் பெற்ற சிவலிங்கத்தின் படம், 1963ஆம் ஆண்டுக் குடமுழுக்கின் படம் ஆகிய மூன்றையும் ஒருவர் ஒரே பிற்பகலில் வருடுவாராயின், கணினிக்கு அவை மூன்றும் ஒரு நாளின் நிகழ்ச்சிகளே. குடமுழுக்குப் படம் முதலிற் கைக்கு அகப்பட்டிருந்தால் திரையிலும் அதுவே முதலில் வரும். கோயில் எழுந்தபின்னர்த் திருவுருவங்கள் கிடைத்தன என மாணவர் எண்ணிக்கொள்வர். ஆகவே வருடும் வேளையிலேயே '1956_001' என்றாற்போல ஆண்டை முன்வைத்துப் பெயரிடுதல் நன்று. அவ்வாறு செய்தபின் இயந்திரம் அடுக்கும் வரிசையும் காலவரிசையும் ஒன்றாகும்.

அடுத்து நோக்கற்பாலது சட்டகம். இக்காலக் காணொளியின் சட்டகம் பெரும்பாலும் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 படப்புள்ளிகளைக் கொண்டது; அதன் விகிதம் 16க்கு 9. முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளில் எடுத்த படத்தின் விகிதம் 3க்கு 2. இப்படம் முழுமையாகத் தெரியவேண்டுமாயின் அதன் அகலம் 1620 புள்ளிகளாக அமையும். இரு பக்கமும் 150 புள்ளி அகலத்திற்கு இடம் வெறுமையாக நிற்கும். அவ்வெறுமையை விரும்பாது 'சட்டகத்தை நிரப்புக' என ஆணையிட்டால், படத்தின் உயரம் 1280 ஆக வளரும். மேலே 100, கீழே 100 ஆக 200 புள்ளிகள் வெட்டுண்ணும். கடற்கரைக் காட்சிக்கு இதனால் பெருங்கேடில்லை. வகுப்புப் படத்திலோ, பின்வரிசையில் வாங்கின்மேல் நிற்கும் மாணவரின் தலைகளும், முன்னே தரையில் வைத்த பலகையில் எழுதிய ஆண்டும் மறைந்துபோதல் கூடும். ஆண்டும் முகமும் போனபின் அப்படம் யாருக்குச் சான்றாகும்? ஆதலிற் குழுப்படங்களை முழுமையாகக் காட்டும் அமைப்பில் வைத்து, இயற்கைக் காட்சிகளை மட்டும் நிரப்பும் அமைப்பில் வைத்தல் தகும்.

நிற்கும் நேரமும் அவ்வாறே. ஒருவர் முகம் மட்டும் உள்ள படத்துக்கு ஐந்து வினாடி போதும். நாற்பது முகங்கள் கொண்ட படத்தில் தன் தந்தையைத் தேடும் மகனுக்கு அது போதாது. எல்லாப் படங்களையும் இயந்திரம் ஒரே அளவில் அடுக்கியபின், குழுப்படங்களை மட்டும் தெரிந்து பத்து வினாடிக்கு நீட்டுதல் வேண்டும். இருநூற்று நாற்பது படங்களை அடுக்கும் உழைப்பை இயந்திரத்திடம் விட்டு, அதனால் மிஞ்சிய பொழுதை இத்தகைய தெரிவுகளிற் செலவிடுதலே தானியங்கு முறையின் உண்மையான பயன்.

இனி, வெளியிடும் வடிவம். கோப்பின் பெயரீற்றில் எம்.பி.4 எனக் காண்பது கொள்கலத்தின் பெயர் மாத்திரமே. அதனுள்ளே படமும் ஒலியும் எம்முறையாற் சுருக்கப்பட்டுள்ளன என்பது வேறு. பெட்டியும் பெட்டியுள் மடித்த துணியும் வேறாதல் போல்வது இது. 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் சுருக்கமுறை ஏறக்குறைய எல்லாத் தொலைபேசிகளிலும் கணினிகளிலும் இயங்கும். 2013இல் வந்த எச்.265 இன்னும் சிறிதாகச் சுருக்கும். ஆயினும் பழைய கருவிகள் சிலவற்றில் இயங்காது. மண்டபத்துக் கணினி எத்தகையதென அறியாதவர் எச்.264ஐத் தெரிந்துகொள்ளுதலே பாதுகாப்பு.

சுருக்கம் ஏன் வேண்டும் என்பதனையும் கணக்கே காட்டும். மேற்கூறிய சட்டகத்தில் ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் உள. புள்ளியொன்றுக்கு 3 பைற்று, வினாடிக்கு 25 சட்டகம் எனின், சுருக்காத காணொளி வினாடிக்கு 15 கோடியே 55 இலட்சம் பைற்று இடங்கொள்ளும். 961 வினாடிக்கு அது 149 கிகாபைற்றையும் கடக்கும். வினாடிக்கு 8 மெகாபிற்று என்னும் வீதத்தில் எச்.264 முறையாற் சுருக்கினால், 8 பிற்று ஒரு பைற்று ஆதலால், 961 மெகாபைற்றே ஆகும். நூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்ட இச்சுருக்கம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுட்பங்களைக் கைவிடுவதனாற் கிடைக்கின்றது. கைவிட்டவை மீள்வதில்லை. சுருக்கியதை மீண்டும் சுருக்குந்தோறும் மேலும் சில போகும்.

இவ்வுண்மையே வடிவத் தெரிவில் ஆழ்ந்து சிந்திக்கவேண்டியது. வட்ஸ்அப் வழியாக வழமைபோல அனுப்பும் படமும் காணொளியும் வழியிலேயே சிறிதாக்கப்படுகின்றன. எடுத்த நாள் முதலிய பதிவுகளும் நீக்கப்படுகின்றன. ஆழிப்பேரலையில் வீட்டுப் படங்களை இழந்த குடும்பத்துக்கு வெளிநாட்டு உறவினர் ஒருவரிடம் உள்ள ஒரேயொரு படம் பெருஞ்செல்வமாகும். அதனை அவர் தொலைபேசியாற் படமெடுத்து அனுப்ப, பெற்றவர் பிறர்க்கு அனுப்ப, ஒருவர் காணொளியில் வைத்து மீண்டும் அனுப்பினால், இறுதியில் எஞ்சுவது முகம் தெளியாத சாயலே. மூலத்தை நன்கு வருடி ஆவணக் கோப்பாக இணைத்து அனுப்புமாறு ஒரு சொற் சொல்லியிருந்தால் இவ்விழப்பு நேராது.

ஆதலின் எத்தொகுப்பிலிருந்தும் இரு படிகள் எடுத்தல் வேண்டும். காண்பதற்கும் அனுப்புவதற்கும் உரியது எச்.264 முறையிலமைந்த எம்.பி.4 படி. பேணுவதற்குரியது நுட்பம் கெடாத பெரிய படி. புரோரெஸ் போன்ற உயர்தரச் சுருக்கமுறை அதற்கு ஏற்றது. இழப்பே இல்லாததும், 2021இல் இணையத் தரநிலை ஆவணமாக வெளியிடப்பட்டதும், எவரும் உரிமக் கட்டணமின்றிக் கையாளத்தக்கதுமான எஃப்.எஃப்.வி.1 என்பதும் ஏற்றதே. இவ்விரண்டினும் மேலாக, வருடிய மூலப் படங்களை டிஃப் வடிவில், படத்திலுள்ளார் பெயர், இடம், ஆண்டு ஆகியவை எழுதிய பட்டியலோடு வேறாக வைத்தல் வேண்டும். காணொளியை மீண்டும் ஆக்கலாம். மூலம் போனால் ஆக்குதற்கு ஏதுமில்லை.

வடிவம் மாறுங்காலத்து மூலத்தைக் காக்கும் கடமை தமிழர்க்குப் புதிதன்று. ஓலைகள் செல்லரிக்குமுன் புதிய ஓலைகளிற் பெயர்த்தெழுதிய மரபினர் அவர். அச்சு வந்தபொழுது யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். 1895இல் 'மோகனாங்கி' நாவலை வெளியிட்ட திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் சென்னையிலே சுவடி நூலகப் பணியில் ஈடுபட்டவர். 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் தொகுத்து வருகின்றது. ஓலையிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து மின்வடிவுக்கும் பெயர்த்தவர் யாவரும், எதனை முதலிற் பெயர்த்தல் வேண்டும், எப்படியை நம்புதல் வேண்டும் என்னும் வினாக்களுக்குத் தாமே விடை கண்டனர்.

தொகுப்பு மென்பொருள் நாளைக்கு இன்னும் விரைவாக அடுக்கும், சுருக்கமுறைகளும் மாறும். பின்வரிசையில் நிற்பவர் யாவர் என்பதனை மட்டும் எக்கருவியும் சொல்லமாட்டாது. அதனைச் சொல்லவல்ல முதியோர் இன்னும் ஊர்தோறும் உளர். விழாவுக்குப் படம் திரட்டும் மாணவர் அவர்களிடம் சென்று, பெயர்களைக் கேட்டெழுதி, ஆண்டைக் குறித்து, மூலத்தை நன்கு வருடிய பின்னரே கணினியை நாடுவாராக. அவ்வாறு ஆக்கிய காணொளி ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சியோடு ஒழியாது, இத்துறைமுக நகரின் வரலாற்றுக்கு நெடுங்காலம் சான்றாக நிற்கும்.