காவல் கருவியே மூழ்கும்போது

2023 நவம்பர் 1ஆம் தேதி காலை 9.15 மணியளவில் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளை நோக்கி வந்த இணையப் போக்குவரத்து திடீரெனப் பெருகியது. கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை எங்கிருந்து முயன்றாலும் மருத்துவமனைகளின் இணையத்தளங்கள் திறக்கவில்லை. ஊழியர்களின் மின்னஞ்சலும் முடங்கியது. பெரும்பாலான சேவைகள் திரும்ப மாலை 5.15 மணி ஆனது. பொதுச் சுகாதாரத் துறையின் கணினி அமைப்புகளை நடத்தும் சினாப்ஸ் நிறுவனம் பின்னர் தந்த விளக்கம் ஊன்றிப் படிக்கத் தக்கது. திட்டமிட்டு அனுப்பப்பட்ட வெள்ளம் முன்வரிசைத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, பின்னால் இருந்த ஃபயர்வாலைத் திணறடித்தது. அது போக்குவரத்தை வடிகட்டத் தொடங்கியதும் எல்லாத் தளங்களும் எட்டாமல் போயின. காவலுக்கு வைத்த கருவிதான் இங்கே நெருக்கடியின் மையம்.

பொதுவாக ஃபயர்வால் தன்னைக் கடக்கும் ஒவ்வொரு இணைப்பையும் நினைவகத்தில் ஒரு பட்டியலாக வைத்திருக்கும். போலி இணைப்புகளால் பட்டியல் நிரம்பிவிட்டால் நேர்மையான நோயாளியின் கோரிக்கைக்கும் அதில் இடமிருக்காது. எனவே குப்பையைப் பட்டியலில் ஏற்றுமுன்பே, முடிந்தால் இணையச் சேவை வழங்குநரின் எல்லையிலேயே, கழித்துவிட வேண்டும். இன்னும் பெரிய கருவி வாங்கினால் போதாதா? போதாது. அதற்கு முந்தைய மாதம்தான், நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வந்த ஒரு தாக்குதலைச் சமாளித்ததாக கூகல் அறிவித்திருந்தது. அந்த அளவுக்கு ஈடுகொடுக்கும் ஒற்றைக் கருவியை எந்த மருத்துவமனையும் வாங்கிவைக்க முடியாது. சுமையைப் பல இடங்களுக்குப் பிரித்தனுப்பத்தான் வேண்டும். இது தாக்குதலுக்கு மட்டுமே பொருந்தும் என்பாரும் உண்டு. ஆனால் கச்சேரி டிக்கெட்டுக்காக ஒரே நொடியில் குவியும் உண்மையான ரசிகர்களும் அதே நினைவகத்தையும் அதே அலைவரிசையையும்தான் தின்கிறார்கள்.

அன்று சிகிச்சை நிற்கவில்லை, நோயாளிகளின் தரவும் கசியவில்லை. அப்படியிருக்க இதைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். சிகிச்சை ஏன் நிற்கவில்லை என்பதில்தான் என் அக்கறை. மருத்துவப் பதிவுகளும் உள்வலையும் அந்த வெள்ளம் எட்டாத இடத்தில் இருந்தன. 2018இல் சிங்ஹெல்த் என்னும் பொது மருத்துவமனைக் குழுமத்தின் நோயாளிகள் 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டபின் ஊழியர்களின் கணினிகளிலிருந்து இணையம் துண்டிக்கப்பட்டது. வேலை தாமதமாகிறது என்ற குறையும் எழுந்தது. அந்தக் குறை நியாயமானதே. ஆனாலும் பிரித்து வைப்பதன் மதிப்பு இத்தகைய நாளில்தான் தெரிகிறது. அதே பிரிவினையை வெளிப்பக்கத்திலும் செய்யலாம். அவசரப் பிரிவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள பக்கம் ஊழியர்களின் மின்னஞ்சலோடு ஒரே வாசலைப் பகிர வேண்டியதில்லை. அதன் நகல்களை வேறு வலையமைப்புகளில் வைக்க ஆகும் செலவு சொற்பம்.